மூணு எண்ணுற வரைக்கும்

பாத்துங்க தம்பி, கால் படப்போகுது. அந்தப் பையை இப்படி என்ற மடிக்கே குடுத்துருங்க. கனமாத்தான் இருக்கும், பரவால்லீங்க, உள்ள பேட்டரி இருக்குது. நீங்க உடுமலைக்குங்களா? நான் அதுக்கு முந்தியே எறங்கிருவனுங்க. கள்ளிமேட்டுப் பிரிவு. இன்னும் முக்கா மணி நேரம் ஆகும்.

ஆமாங்க, உள்ள லைட்டு எரியுது. பச்சை லைட்டு. குண்டெல்லாம் ஒண்ணுமில்லீங்க, அப்படிப் பாக்காதீங்க! கோழிப்பண்ணைக்கு மாட்டற பொட்டி. காலைல ஆறு மணிக்கு வீட்டுல பிளக்கைப் புடுங்கி உட்டேன், இன்னும் பேட்டரியிலயே ஓடிட்டிருக்குது. மணி பன்னெண்டாகப் போகுது பாருங்க. ஓடட்டும். முந்தியெல்லாம் நான் மூணு எண்ணுற வரைக்கும்தான் பாப்பேன். ஒண்ணு, ரெண்டு, மூணு, பிளக்கைத் திரும்பச் சொருகு, சர்வீஸ் அட்டையில கையெழுத்தைப் போடு. முப்பது வருசமா அப்படித்தான்.

என்ற பேரு ஜெயகோபாலுங்க. கணபதியில ஒரு சின்ன கம்பெனி, பத்துப் பேரு வேலை பாக்கறோம். நான்தான் டெக்னிக்கல் மேனேஜர். பெரிய படிப்பெல்லாம் இல்லீங்க, பாலிடெக்னிக்தான். ஆனா சால்டரிங் ராடைக் கையில எடுத்தா இன்னைக்கும் கை நடுங்காது. முதலாளி எந்தப் பொட்டியைப் பண்ணச் சொன்னாலும், எந்த சர்க்யூட்டைப் போடறதுங்கறது நான் சொல்றதுதான். சொல்றதுதான்னு என்ன, அப்படி இருந்துச்சு.

இந்தப் பொட்டி என்ன பண்ணும்னு கேக்கறீங்களா? சொல்றேன். இப்பத்த கோழிக்கொட்டாயெல்லாம் மூடின கொட்டாய்ங்க. ஒரு கடைசியில தண்ணி வழியற அட்டை, இன்னொரு கடைசியில ஆள் உசரத்துக்குப் பெரிய பெரிய ஃபேனு. காத்து உள்ள வந்து வெளிய போயிட்டே இருக்கோணும். சித்திரை வெயில்ல அந்த ஃபேன் நின்னுச்சுன்னா அரை மணி நேரம் தாங்காது. அத்தனை கோழியும் வாயைப் பொளந்துட்டு விழுந்துரும். அதனால கரண்ட் போனா இந்தப் பொட்டி பண்ணைக்காரர் போனுக்குக் கூப்பிடும். "கொட்டாயில் கரண்ட் இல்லை, உடனே வரவும்"னு ஒரு பொண்ணு கொரல் சொல்லும். அது எங்க ஆபீஸ்ல இருந்த நஸ்ரின் கொரலுங்க. குனியமுத்தூர்ப் பொண்ணு, இஞ்சினியரிங் முடிச்சுட்டு வந்துச்சு. நல்ல தெளிவான கொரல்னு அதையே பேசச் சொல்லிப் பதிஞ்சோம்.

கரண்ட் போச்சுன்னு சொல்ற பொட்டிக்கு, கரண்ட் போனப்புறமும் உசுரு இருக்கோணுமில்லீங்களா? அதுக்குத்தான் உள்ள பேட்டரி. அந்த பேட்டரிக்கு எப்படி சார்ஜ் ஏத்தறது, கரண்ட் போனா எப்படி அதுக்கு மாத்தறது, எந்த சர்க்யூட்டைப் போடறது? இதுதான் கேள்வி. கேட்டா சின்ன விசயம். நாலு சாமான், ஒரு சர்க்யூட் அட்டை. அந்தச் சின்ன விசயத்துலதான் நான் இன்னைக்கு இந்த பஸ்ல உக்காந்துட்டு உங்ககிட்டப் பொலம்பறேன்.

மூணு வருசத்துக்கு முந்தி, டீ நேரத்துல மேசையைச் சுத்தி உக்காந்து பேசினோம். முதலாளியும் இருந்தாரு. லித்தியம் பேட்டரி போடலாமான்னு மொதல்ல ஒரு பேச்சு. கொட்டாய்ச் சூட்டுக்கு அது ஆகாதுன்னு தள்ளிட்டோம். அது சரியான முடிவுதானுங்க. நாங்க ஒண்ணுமே தெரியாதவங்கன்னு நெனச்சுக்காதீங்க. பழைய ஈய பேட்டரியே போதும்னு முடிவாச்சு. அப்புறம் சர்க்யூட்டு. நான் என்ற சர்க்யூட்டை எழுதிக் காட்டினேன். அடாப்டர்ல இருந்து ஒரே ஒயரு. அதுவே பொட்டியை ஓட்டும், அதுவே பேட்டரிக்கும் சார்ஜ் ஏத்தும். கரண்ட் போனா பேட்டரி தன்னால எடுத்துக்கும். நடுவுல ரிலே இல்ல, புரோகிராம் இல்ல, கெட்டுப் போறதுக்கு ஒண்ணுமே இல்ல. அந்த ஒயர்ல ஓல்ட்டேஜ் சரியா இருந்தா பச்சை லைட்டு, கொறைஞ்சா சேப்பு லைட்டு. எத்தனை சுளுவா இருக்குது பாருங்க! இன்னைக்கும் சொல்றேன், அது அழகான சர்க்யூட்டுங்க.

நஸ்ரின் கையைத் தூக்குச்சு. பள்ளிக்கூடத்துல தூக்கற மாதிரி. "சார், அடாப்டர் கரண்ட் இருக்கற வரைக்கும் அந்த ஒயர்ல எப்பவும் ஓல்ட்டேஜ் இருக்குமே சார். பேட்டரி செத்திருந்தாலும் பச்சைதானே எரியும்?"ன்னுச்சு. கேட்டுட்டுச் சும்மா இருக்கல. எந்திரிச்சுப் போயி, கழிசல் சாமான் போடற மூலையில இருந்து உப்பிப் போன பேட்டரி ஒண்ணைக் கொண்டாந்து என்ற பொட்டியில மாட்டுச்சு. பச்சை லைட்டு சும்மா ஜொலிக்குது. "ரெண்டு பக்கமும் ஆள் புடிச்சு நிறுத்தி வச்சுட்டு, நோயாளி நல்லாத்தான் நிக்கறாருன்னு சொல்ற மாதிரி சார் இது"ன்னுச்சு. அது கொண்டாந்த சர்க்யூட்டுல ஒரு சின்ன ரிலே. தெனமும் காலைல ஒருக்கா சார்ஜை வெட்டி உட்டு, பேட்டரியைத் தனியா வேலை செய்ய வச்சுப் பாக்கும். பத்து செகண்டு. தாங்கினா பச்சை, தாங்கலைன்னா சேப்பு. அவ்வளவுதான்.

நான் என்ன சொன்னேன் தெரியுங்களா? "செத்த பேட்டரியை எவம்மா மாட்டுவான்? நாம புது பேட்டரிதானே வச்சு அனுப்பறோம்?"னேன். எல்லாரும் சிரிச்சாங்க. முதலாளியும் சிரிச்சாரு. அந்தப் பொண்ணு நோட்டை மூடிக்குச்சு.

அதுக்குப் பதில் எனக்குத் தெரியாதுன்னு நெனைக்கறீங்களா? தெரியுமுங்க. அந்தச் சூட்டுல ரெண்டு வருசத்துல எந்த பேட்டரியும் காஞ்சு போகும்னு எனக்குத் தெரியாதா? முப்பது வருசமா பேட்டரியோட கெடக்கறவன். ஆனா சேப்பு லைட்டு எரிஞ்சா என்ன ஆகும்? பண்ணைக்காரர் போன் பண்ணுவாரு. "சார், சேப்பு எரியுது, வாங்க"ம்பாரு. நாப்பது அம்பது பண்ணை, எங்கெங்கயோ காட்டுக்குள்ள. என்ற போனு அடிச்சுட்டே இருக்கும். கம்ப்ளைன்ட் வராத பொட்டிதான் நல்ல பொட்டின்னு முதலாளிகிட்டப் பேரு வாங்கி வச்சிருந்தேன். பச்சை எரிஞ்சுட்டே இருந்தா யாரு கூப்பிடப் போறாங்க? அன்னைக்கு இதை நான் வாய்விட்டுச் சொல்லல. மனசுக்குள்ளயும் இப்படிப் பச்சையா சொல்லிக்கல. ஆனா அதுதானுங்க காரணம்.

டிக்கெட் எடுத்துட்டனுங்க, நீங்க எடுங்க. கண்டக்டர் வாராரு பாருங்க.

எதுக்கு என்னைப் பாத்துச் சிரிக்கறாருன்னா கேக்கறீங்க? தெரிஞ்ச மொகம். இந்த வழியில ரெண்டு மூணு தடவை வந்திருக்கேன், அவ்வளவுதான்.

எங்க உட்டேன்? ஆங். கள்ளிமேட்டுல நாச்சிமுத்துன்னு ஒருத்தரு. நாப்பத்தஞ்சு வயசு இருக்கும். வீட்டுக்காரம்மா சம்பூரணம். ரெண்டு பேருமே தூங்காம கொள்ளாம உழைக்கற ஆளுங்க. கோழிக் கம்பெனிக்காரங்க குஞ்சும் தீவனமும் குடுத்துருவாங்க, இவிய வளத்துக் குடுக்கோணும். ஒரு கொட்டாய், ஆறாயிரம் கோழி. எங்க பொட்டியை வாங்கி மாட்டினப்ப அதுக்குச் சந்தனம் வச்சு, பொட்டு வச்சு, பூவெல்லாம் போட்டாரு. "இனிமே இதுதான் சார் எனக்குக் காவல்"னாரு. போன வருசத்துக்கு முந்தின வருசம் ஆயுதபூசைக்கு மறுபடியும் பொட்டு வச்சு, போட்டோ புடிச்சு எனக்கு அனுப்பினாரு. பொட்டுக்குப் பக்கத்துல பச்சை லைட்டு.

போன வருசம் மாசி மாசம் நானே நேரா சர்வீசுக்குப் போனேன். வெயிலு வரப்போகுது, ஒருக்கா எல்லாப் பண்ணையும் பாத்துட்டு வந்துருன்னு முதலாளி சொன்னாரு. நாச்சிமுத்து கொட்டாய்க்குப் போயி பிளக்கைப் புடுங்கினேன். ஒண்ணு, ரெண்டு, மூணு. பொட்டி அணையல. பச்சையே எரியுது. திரும்பச் சொருகினேன். எப்பேர்ப்பட்ட செத்த பேட்டரியும் மூணு எண்ணுற வரைக்கும் தம் புடிச்சு நிக்குமுங்க. வேலை குடுத்தாத்தான் படுக்கும். அதுவுமில்லாம இந்தப் பொட்டி கரண்ட் போன உடனே கூப்பிடாது. சும்மா மினுக்குனு போயிட்டு வர்ற கரண்டுக்கெல்லாம் ஆளைப் பதற வைக்கக் கூடாதுன்னு ஒரு நிமிசம் பொறுத்துட்டுத்தான் கூப்பிடும். அதையும் நான்தான் வச்சேன். அப்ப நான் மூணு எண்ணிப் பாத்தது எதைங்க? ஒண்ணத்தையும் இல்ல.

நாச்சிமுத்து பக்கத்துல நின்னுட்டு, "சார், இன்னும் சித்தே நேரம் உட்டுப் பாக்கலாமுங்களா? போனு வருதான்னு பாத்துக்கறேன்"னாரு. போனைக் கையில எடுத்து வச்சுட்டு நிக்கறாரு, சின்ன பட்டன் போனு. எனக்கு அன்னைக்கு இன்னும் ரெண்டு பண்ணை பாக்க வேண்டியிருந்துச்சு. "அதெல்லாம் வேண்டாமுங்க நாச்சிமுத்து. பச்சை எரியுதல்ல? அப்புறமென்ன?"னேன். அட்டையில கையெழுத்துப் போட்டுட்டு, அவங்க குடுத்த மோரைக் குடிச்சுட்டு வந்துட்டேன்.

ரெண்டு மாசம். சித்திரை பொறந்து பத்து நாள் இருக்கும். மத்தியானம் ரெண்டு மணி. கொட்டாய்க்கு வர்ற லைன்ல பீஸ் போயிருச்சு. வீட்டுக்கு வர்றது வேற லைனு, அதுல கரண்ட் இருக்குது. ஜெனரேட்டரைக் கையில ஓட்டி உடோணும். நாச்சிமுத்து விடியக்காலம் நாலு மணியில இருந்து தீவனம் போட்டு, தண்ணி பாத்து, சோறு தின்னுட்டு வீட்டுல சித்தே கண்ணசந்திருக்காரு. தலைமாட்டுல போனு. தலைக்கு மேல ஃபேன் ஓடிட்டிருக்குது. சம்பூரணம் தாராபுரத்துக்கு ஒரு எழவுக்குப் போயிருந்தாங்க. வீடு இந்தக் கடைசி, கொட்டாய் அந்தக் கடைசி, நடுவுல மக்காச்சோளக் காடு. முக்கா மணி நேரம். எந்திரிச்சுப் போயிப் பாக்கறப்ப ஆறாயிரத்துல நாலாயிரத்துச் சொச்சம் தரையில கெடந்துச்சு. ஜேசிபி வரச் சொல்லித்தான் குழி வெட்டினாங்க.

எனக்குச் சாயங்காலம் போன் வந்துச்சு. அப்பவே கெளம்பிப் போனேன். அதுல நான் கொறை வைக்கல. போனா, கொட்டாய்க்கு முன்னாடி ஊரே நிக்குது. கோழிக் கம்பெனி சூப்பர்வைசர் நிக்கறாரு. சம்பூரணம் அப்பத்தான் பஸ் எறங்கி வந்து, எழவுக்குக் கட்டிட்டுப் போன சீலையோட தலையில கைய வச்சுட்டு உக்காந்திருக்காங்க. கரண்ட் வந்துருச்சு. பொட்டியில பச்சை லைட்டு எரியுது.

நான் மூடியைக் கழட்டிக் கைய உள்ள உட்டனுங்க. பேட்டரி உப்பி, பக்கமெல்லாம் வெடிச்சு, கொதிக்குது. நஸ்ரின் கழிசல்ல இருந்து கொண்டாந்துச்சே, அதே மாதிரி. கையில தொட்டதுமே தெரிஞ்சு போச்சு. முழுசாத் தெரிஞ்சு போச்சு. நான் மூடியை மூடிட்டேன்.

"பொட்டி எப்படிங்க இருக்குது?"ன்னாரு சூப்பர்வைசர்.

"நல்லாருக்குதுங்க. பாருங்க, பச்சை எரியுது"ன்னேன்.

நான் பொய் சொல்லலீங்க தம்பி. பச்சை எரிஞ்சுது, எரியுதுன்னு சொன்னேன். நாச்சிமுத்து தப்புன்னு நான் ஒரு வார்த்தை சொல்லல. ஆனா எல்லாரும் திரும்பி அவரைப் பாத்தாங்க. அவரு போனை எடுத்து என்கிட்ட நீட்டினாரு. "சார், இதுல மிஸ்டு கால் ஒண்ணுமே இல்லீங்களே சார். நான் போனைச் சைலன்ட்டுலயும் போடலீங்களே"ன்னாரு. நான் வாங்கிப் பாத்தேன். இல்லதான். எப்படி இருக்கும்?

அப்பவாவது சொல்லியிருக்கலாம். நான் என்ன சொன்னேன் தெரியுங்களா? "தூக்கக் கலக்கத்துல எடுத்துக் கட் பண்ணியிருப்பீங்க. கை பட்டு அழிஞ்சும் போயிருக்கும், பட்டன் போன்தானே"ன்னேன். இது மட்டும் பொய்யிங்க. ஒரே ஒரு பொய்யி. அந்த மனுசன் என்ற மொகத்தையே பாத்துட்டு நின்னாரு. அப்புறம் தலையை ஆட்டினாரு. "இருக்குமுங்க சார். நல்லா அசந்துதான் தூங்கினேன்"னாரு. நான் சொன்னா அது சரியாத்தான் இருக்கும்னு நம்பிட்டாரு. படிச்சவன், மேனேஜர், பொட்டியைச் செஞ்சவன். சம்பூரணம் அவரை ஏறிட்டு ஒரு பார்வை பாத்தாங்க. அதை என்னால மறக்க முடியலீங்க.

வரும்போது, "எதுக்கும் பேட்டரியைப் புதுசா போட்டுட்டுப் போறேன்"னு மாத்திட்டு, உப்பினதை என்ற பைக்குள்ள போட்டுக்கிட்டேன். இதே பைதான். சம்பூரணம் எந்திரிச்சு வந்து, "உங்களையும் அலைய வச்சுட்டமுங்க, மன்னிச்சுக்கோங்க"ன்னாங்க. என்கிட்ட அவங்க மன்னிப்புக் கேக்கறாங்க! எனக்குக் கூசிப் போச்சு. கூசினது கூசினதுதான், வாய் தொறக்கல.

ஆபீஸ் போயி அந்தப் பொட்டி சிம்முல இருந்து போன கால் லிஸ்ட்டை எடுத்துப் பாத்தேன். அன்னைக்கு ஒரு கால் கூடப் போகல. காயிதத்தை மடிச்சு டிராயர்ல வச்சேன். பேட்டரியையும் அதே டிராயர்ல வச்சேன். நஸ்ரின் கேட்டுச்சு, "பேட்டரி எப்படி சார் இருந்துச்சு?"ன்னு. "நல்லாத்தாம்மா இருந்துச்சு, அந்த ஆள் தூங்கிட்டாரு"ன்னேன். இது ரெண்டாவது பொய்யி. ஒண்ணுன்னு சொன்னேனில்லீங்களா, ரெண்டுன்னு வச்சுக்கோங்க.

ஒரு வாரம் கழிச்சு ஸ்க்ரூடிரைவர் தேடறப்ப அந்தப் பொண்ணு டிராயரைத் தொறந்துருச்சு. ஒண்ணும் கத்தல. அந்த பேட்டரியை எடுத்து மேசை மேல வச்சு, ஒரு பொட்டியில மாட்டி, பிளக்கைப் புடுங்குச்சு. "ஒண்ணு, ரெண்டு, மூணு"ன்னு என்ற மாதிரியே எண்ணுச்சு. பச்சை எரிஞ்சுட்டே இருந்துச்சு. எண்ணறதை அது நிறுத்தல. அறுபது வரைக்கும் எண்ணுச்சு. ஒரு நிமிசம் ஆச்சு, பொட்டி போன் போட ஆரம்பிச்சுது, கால் போகறதுக்குள்ளயே பொட்டி செத்துப் போச்சு. "மூணு வரைக்கும் எண்ணினா இதுவும் நல்ல பேட்டரிதான் சார்"னுச்சு. அவ்வளவுதான். அந்த மாசக் கடைசியில வேலையை உட்டுட்டுப் போயிருச்சு. அது முதலாளிகிட்டப் போயிச் சொல்லியிருந்தாக் கூடத் தேவலைன்னு இருந்துச்சு. சொல்லல. நான் சொல்லுவேன்னு நெனச்சிருக்கும்.

அதுக்கப்புறம் நான் சும்மா இருக்கலீங்க. அந்தப் பொண்ணு எழுதி வச்சுட்டுப் போன சர்க்யூட்டைத்தான் போட்டேன். தெனமும் காலைல பேட்டரியைச் சோதிக்கறது. "புது மாடல்"னு பேரு வச்சு, ஒவ்வொரு பண்ணையாப் போயி மாத்தினேன். நாப்பத்தாறு பொட்டி! முதலாளி எல்லார் முன்னாடியும் என்ற முதுகைத் தட்டிக் குடுத்தாரு. சர்க்யூட் அட்டையில என்ற பேருதான் இருக்குது. நான் போடச் சொல்லல, அவிய போட்டாங்க. வேண்டாம்னும் சொல்லல.

ஒரே ஒரு பொட்டிதான் பாக்கி. நாச்சிமுத்து பொட்டி. நேரமே அமையல தம்பி. வேலை மேல வேலை.

அவரு ஞாயித்துக்கெழமையானா எனக்குப் போன் பண்ணுவாருங்க. காலைல பத்து மணிக்கு, தவறாம. "சார், பச்சை எரியுதுங்க"ம்பாரு. ரெண்டு தடவை கம்பெனிக்காரங்க குஞ்சு குடுக்கல, கவனக்கொறைவுன்னு எழுதிட்டாங்க. இப்ப தை மாசத்துல இருந்து மறுபடியும் குடுக்கறாங்க, ஆனா அவரை நம்பி இல்ல, சம்பூரணம் பேர்ல. பகல்ல அவரு படுக்கறதே இல்லையாமா. கொட்டாய்க்குள்ள ஒரு பிளாஸ்டிக் சேரைப் போட்டு, பொட்டிக்கு எதுக்க உக்காந்துக்கறாரு. அந்தப் பச்சை லைட்டையே பாத்துட்டு. வீட்டுக்காரம்மா மத்தியானம் சோத்தைக் கொண்டாந்து வச்சுட்டு, ஒரு வார்த்தை பேசாம போயிருவாங்களாமா. முந்தியெல்லாம் ரெண்டு பேரும் சேந்து உக்காந்து சாப்பிடுவாங்களாமா. இதையெல்லாம் என்கிட்ட எதுக்குச் சொல்றாருன்னு தெரியல. கடைசியில ஒரே கேள்விதான் கேப்பாரு. "ஏனுங்க சார், அன்னைக்கு நான் போனை எடுத்துத்தான் கட் பண்ணியிருப்பனுங்களா?"

"விடுங்க நாச்சிமுத்து, நடந்தது நடந்து போச்சு"ம்பேன். பதினோரு மாசமா இதையேதான் சொல்லிட்டிருக்கேன். இதோ பங்குனி வந்துருச்சு. நான் வச்சுட்டு வந்த பேட்டரிக்கும் ஒரு வருசம் ஆகப் போகுது. அதே சர்க்யூட்டு, அதே சூடு. அந்த லைட்டை நம்பித்தான் அவரு உக்காந்திருக்காரு. உள்ள பேட்டரி எப்படி இருக்குதோ, எனக்கே தெரியாது. அதுதான் இன்னைக்குக் கெளம்பி வந்துட்டேன். போனதும் பொட்டியை மாத்தி உட்டுருவேன். அது முக்கியமில்லீங்களா? அப்புறம் சொல்றதை மெல்லச் சொல்லிக்கலாம். சொல்லணும்னு என்ன இருக்குது, கோழி திரும்பி வரப் போகுதா?

என்னங்க கண்டக்டரே? கேட்டுதுங்க, காது கேக்குது.

அவரு சொன்னது உங்களுக்குக் கேட்டுருச்சுங்களா? "இன்னைக்காவது எறங்கறீங்களா, இல்ல வழக்கம் போல உடுமலை போயி ரிட்டர்னா?"ன்னு கேக்கறாரு. சத்தமா வேற. எல்லாரும் திரும்பிப் பாக்கறாங்க.

மூணு தடவைங்க. ஆடியில ஒருக்கா, தீவாளிக்கு முந்தி ஒருக்கா, தை மாசத்துல ஒருக்கா. ஒவ்வொரு தடவையும் இந்தப் பொட்டியோடதான் வந்தேன். கள்ளிமேட்டுப் பிரிவு வரும், எந்திரிக்க முடியாது. உடுமலைக்குப் போயி, பஸ் ஸ்டாண்டுல ஒரு டீயைக் குடிச்சுட்டு, இதே பஸ்லயே திரும்பிருவேன். ஒவ்வொரு தடவையும் பக்கத்துல உக்காந்தவருகிட்ட இதையெல்லாம் சொன்னனுங்க. நீங்க நாலாவது ஆளு. சொல்லிட்டா மனசு லேசாயிரும், எறங்கிரலாம்னு நெனப்பேன். லேசாயிரும். லேசானதும் அப்படியே உக்காந்துருவேன்.

வெக்கமா இருக்குது தம்பி. ஐம்பத்தெட்டு வயசாகுது. பெத்த புள்ளைகிட்டக் கூடச் சொல்லல. உங்ககிட்டச் சொல்றதுக்கு எனக்கு என்ன நஷ்டம்? நீங்க யாரோ, நான் யாரோ. இந்த பஸ்ல ஊர் பேர் தெரியாதவங்க நாலு பேருக்குத் தெரியுது, அந்த மனுசன் தூங்கினதால ஒண்ணும் ஆகலைன்னு. அவருக்குத் தெரியல. அவரு பொண்டாட்டிக்குத் தெரியல.

அதா, அந்தத் தண்ணித் தொட்டி தெரியுது பாருங்க. அது தாண்டினா பிரிவுதான். இந்தப் பையைச் சித்தே புடிங்க. லைட்டு எரியுதுங்களா? எரியட்டும். இந்நேரம் அந்தம்மா சோறு கொண்டாந்திருப்பாங்க. எங்க அவரு நம்பரு... இதா.

எடுத்துட்டாருங்க. பாதி ரிங்கு கூடப் போகல.

நாச்சிமுத்துங்களா? நான்தானுங்க, ஜெயகோபாலு. இல்லீங்க, இன்னைக்கு ஞாயித்துக்கெழமை இல்ல. இல்லீங்க, கரண்டுக்கெல்லாம் ஒண்ணுமில்ல, பதறாதீங்க. எரியுதுங்களா? எரியட்டுமுங்க, அதைப் பாக்காதீங்க. அதை உட்டுருங்க. அம்மிணி அங்க இருக்காங்களா? கூப்பிடுங்க. போயிருந்தா சத்தம் போட்டுக் கூப்பிடுங்க, நான் இருக்கேன். ஸ்பீக்கர்ல போடுங்க. உங்க ரெண்டு பேருக்கும் கேக்கோணும்.

வந்துட்டாங்களா?

அம்மிணி, போன வருசம் அன்னைக்கு மத்தியானம் உங்க வீட்டுக்காரரு போனு அடிக்கவே இல்லீங்க. அவரு எடுக்கவும் இல்ல, கட் பண்ணவும் இல்ல. பொட்டி கூப்பிடவே இல்ல. பேட்டரி செத்துக் கெடந்துச்சு. நான் மூடியைத் தொறந்தப்பவே பாத்துட்டேன். பாத்துட்டுத்தான் அப்படிச் சொன்னேன்.

தம்பி, அங்க ஃபேன் ஓடற சத்தம்தான் கேக்குது.

கண்டக்டரே, விசில் அடிச்சுராதீங்க, நிறுத்துங்க. தம்பி, அந்தப் பையைக் குடுங்க. எறங்கறேன்.